குப்பை மூலைக்கு ஒரு சிப்பாய்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த மூலையில் நின்றவர்கள் மொத்தம் ஆறு பேர். எங்கள் நகர் நலச்சங்கத்தின் தலைவர், செயலாளர், காலையிலேயே கல்லை நட்டுவிட்டுப் பாக்கிப் பணத்துக்காகக் காத்திருந்த கல் வெட்டுகிறவர், அவரை ஏற்றிவந்த குட்டியானை வண்டியின் டிரைவர், இறந்துபோன சிப்பாயின் தங்கை, பிறகு நான். கவுன்சிலர் வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. இதை இவ்வளவு கறாராக எழுதிவைப்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் தலைவரும் செயலாளரும் 'அன்னிக்கு நாங்க அங்க இல்லவே இல்ல' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இருந்தார்கள். இரண்டு பேரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள்.

முதலில் மூலையைச் சொல்லிவிடுகிறேன். நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து எங்கள் நகருக்குள் திரும்பும் இடம் அது. கோழிக்கடைக் கழிவு, குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றிய நாப்கின், கல்யாண மண்டபத்து எச்சில் இலை எல்லாம் அங்கேதான் வந்து விழும். கொட்டுகிறவர்கள் வெளியாட்கள் இல்லை. சங்கக் கூட்டத்தில் சுகாதாரத்தைப் பற்றிப் பேசிவிட்டு, மறுநாள் காலையில் ஸ்கூட்டரின் முன்னால் பையை வைத்துக்கொண்டு வந்து, வண்டியை நிறுத்தாமலே வீசிவிட்டுப் போகிறவர்கள். சுவரோரம் ஆண்கள் ஒண்ணுக்குப் போவார்கள். ஆவடியில் நல்ல வேலையில் இருக்கிறவர்கள், வீட்டில் இரண்டு கழிப்பறை கட்டியவர்கள்.

இதற்கு எல்லா ஊரிலும் செய்கிற வைத்தியத்தைத்தான் சங்கமும் செய்தது. சுவரில் சாமி டைல்ஸ் ஒட்டினார்கள். பிள்ளையாரை ஒட்டியதும், மாதா படம் எங்கே என்று நகரை ஒட்டிய காலனியிலிருந்து கேட்டார்கள். மாதாவை ஒட்டியதும் இன்னொரு தெருவிலிருந்து மசூதிப் படத்தோடு வந்தார்கள். கடைசியில் மூன்று டைல்ஸும் ஒட்டி, எது நடுவில் என்று சண்டை வந்து, ஒருவர் சட்டை கிழிந்தது. டைல்ஸைப் பெயர்த்தார்கள். அடுத்த நாளே பழையபடி நனைந்தது சுவர்.

தலைவருக்கு அப்போதுதான் யோசனை வந்தது. அவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசும்போது எதிரே இருப்பவரைக் கடன் கேட்டு வந்தவரைப் போலவே பார்ப்பார்.

"சாமின்னாதானே எந்தச் சாமின்னு சண்டை. போர்ல செத்த சிப்பாய்னா எல்லாருக்கும் பொது. அவனுக்கு ஒரு கல்லு வைப்போம். அவன் முன்னாடி எவனும் நின்னு ஒண்ணுக்குப் போகமாட்டான்."

எழுபத்தொன்று யுத்தத்தில் இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் செத்தார் என்பது எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். ஐம்பது வருடமாக அவரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மூத்திரத்துக்கு வைத்தியம் தேவைப்பட்டபோது ஞாபகம் வந்தது.

விசாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படித்தது ஒன்பதாவது வரைக்கும்தான். ஆனாலும் ரேஷன் கார்டு, பட்டா, இறப்புச் சான்று என்று ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பது நான்தான். எதை எழுதினாலும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வைப்பேன். எதற்காக யார் எப்போது வந்து கேட்பார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. பூட்டிய ஷட்டரைத் திரும்பிவந்து இழுத்துப் பார்க்காமல் நான் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை.

செயலாளர் வீட்டுமனைத் தரகர். கடைக்கு வந்து கல்லாவின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"எம்மா, நீதான் ஊர்ப்பட்ட சர்ட்டிபிகேட்டு பாத்துக்கீறியே. அந்தாளு கதைய எடுத்துக் குடு. ஒரு பக்கம் போதும். படிச்சா கெத்தா இருக்கணும், புரியுதா? துப்பாக்கி, குண்டு, ரத்தம், அந்த மாதிரி."

"எனக்கு எதுவும் தெரியாதே சார். தப்பா எழுதிட்டா?"

"செத்தவன் வந்து கேக்கப் போறானா இன்னா? எழுதும்மா."

சிப்பாயின் தங்கை காலனியின் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். ஆவடியில் பட்டாளத்துச் சீருடை தைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இரண்டு பேனா, ஒரு நோட்டு, குடை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கதவைத் திறந்து என் குடையைத்தான் முதலில் பார்த்தார். வெளியே நல்ல வெயில்.

சுவரில் சிப்பாயின் படம் இருந்தது. முழுச் சீருடை, நெஞ்சில் மூன்று பட்டைகள், இடுப்பில் பளபளவென்று பெல்ட். நான் செல்லில் அதைப் படமெடுத்தேன். அதைச் செயலாளருக்கு அனுப்பியது நான் செய்த முதல் தப்பு. ஒரு மணி நேரத்துக்குள் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் படம் வந்தது. கீழே 'மூன்று பதக்கங்கள் வென்ற நம் நகரின் மாவீரர்' என்று எழுதியிருந்தது. நூற்றுச் சொச்சம் பேர் கைகூப்பினார்கள். கைகூப்பியவர்களில் யார் யார் அன்று காலை பையை வீசியவர்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா கண்ணு, படத்த நம்பிட்டாங்களா? தலதான் அவனுது. ஒடம்பு இஸ்டூடியோக்காரனுது."

அவர் எழுந்துபோய்ப் படத்தின் கழுத்துப் பக்கம் விரலை வைத்தார்.

"இந்தக் காலரு தையலப் பாரு. இது பெரிய ஆபீசருங்களுது. என் கையால எத்தினி தச்சிருப்பேன். எங்கண்ணனுக்கு இத வெளுத்துப் போடக்கூட குட்த்துருக்கமாட்டாங்க."

விஷயம் இதுதான். அண்ணன் செத்த செய்தி வந்தபோது வீட்டில் அவருடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாதா கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு நடந்த நாளில் எடுத்தது. பதினான்கு வயது. அவர்களுடைய அம்மா அதை எடுத்துக்கொண்டு ஆவடியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறார். அங்கே பட்டாளத்து உடம்பு ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்கள். தலையை வெட்டி அதில் ஒட்டி, மீசை வரைந்து, கன்னத்துக்கு வர்ணம் பூசிக் கொடுத்துவிட்டார்கள். அதே உடம்பு ஆவடிப் பக்கம் இன்னும் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ. அம்மா சாகும்வரை அந்த உடம்பைக் கும்பிட்டார். மகள் வாயைத் திறக்கவில்லை.

"அப்ப அவரு பட்டாளத்துல என்னவா இருந்தாரு?" என்று கேட்டேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இழுத்தார். உள்ளே மணியார்டர் துண்டுகள். பணம் கொண்டுவருகிற போஸ்ட்மேன் பாரத்தின் அடிப்பாகத்தைக் கிழித்துக் கொடுப்பாரே, இரண்டு வரி சேதி எழுத இடம் விட்டிருக்குமே, அது. இருபத்துமூன்று துண்டுகள். ஒவ்வொன்றையும் இரண்டு நகல் எடுத்தேன். மனிதருடைய பட்டாள வாழ்க்கை முழுவதும் அந்த இருபத்துமூன்று துண்டில்தான் இருக்கிறது.

'நலம். இங்கே குளிர். அரிசி கிடையாது, ரொட்டிதான்.' 'என் ரொட்டி இப்போது வட்டமாக வருகிறது.' 'நூற்றுப்பத்து பேருக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு பருப்பு என்று அளக்காமலே சொல்வேன்.' 'உப்பு சரியாகப் போடுகிறேன் என்று சாகிப் சொன்னார்.' கடைசித் துண்டில், 'அடுப்பை முன்னால் கொண்டுபோகிறோம். அடுத்த பணம் லேட்டாகும்.'

பெட்டியில் இங்கிலீஷில் ஒரு காகிதமும் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். தப்பாகப் படித்துவிடுவேனோ என்று பயந்து, ஆவடியில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் நகலைக் கொண்டுபோனேன். அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

"லங்கர்ல இருந்திருக்காரும்மா. லங்கர்னா எங்க சமையக்கட்டு. சோறு எடுத்துக்கினு முன்னாடி போன வண்டிமேல குண்டு வுழுந்துருக்கு. போட்டிருக்கான் பாரு." பிறகு காகிதத்தை மடித்துக் கொடுத்துக்கொண்டே, "அன்னிக்கு முன்னாடி இருந்தவனுங்க பசியோட இருந்திருப்பானுங்க," என்றார். நான் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

திரும்பிவந்து அந்த அம்மாவிடம் சொன்னபோது, தனக்குத் தெரியும் என்றார். பள்ளிக்கூட நாட்களில் 'சோறு பொங்கப் போனவன் தங்கச்சி' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்களாம். செத்த பிறகும் கூப்பிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. வேறொன்றைச் சொல்லும்போதுதான் குரல் மாறியது.

"ஒடம்பு வரல கண்ணு. அங்கியே முடிச்சிட்டாங்க. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க ஆளு கல்லறையில பூ வெச்சி மெழுகுவத்தி ஏத்துவாங்க. எனக்கு ஏத்த எடமில்ல. யாருமே வராத ஒரு கல்லறையாப் பாத்து ஏத்திட்டு வருவேன். அது யாரோ, இன்னாவோ. இத்தினி வருசமா அவுங்களுக்குத்தான் போய்ச் சேந்துச்சு."

பிறகு சொன்னார்: "கல்லு வெக்கிறாங்கன்னதும் சந்தோசமாத்தான் கீது. ஆனா சமையல் பண்ணவன்னு போடணும். அந்த இஸ்டூடியோ ஒடம்புக்கு நான் மெழுகுவத்தி ஏத்தமாட்டேன்."

இதைத்தான் நான் சங்கக் கூட்டத்தில் போய்ச் சொன்னேன். நோட்டைப் பார்த்துத்தான் படித்தேன். முடித்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சமையல்காரனா?"

"ஆமா சார். வேலையிலதான் செத்திருக்காரு. குண்டு விழுந்து."

"அது சரிம்மா. சமையல்காரனுக்கு யாராவது கல்லு வைப்பாங்களா?"

செயலாளர் நாற்காலியைச் சத்தமாக நகர்த்தினார். "அதில்ல தலைவரே. கோழிக் குடலத் தூக்கி வீசறவன் சமையல்காரனுக்கு பயப்படுவானா? மிலிட்டரின்னாதான் கொஞ்சமாச்சும் யோசிப்பான். இல்ல, சோறுன்னு எழுதிவெச்சா எச்சி எலைய அங்கியேதான் கொண்ணாந்து கொட்டுவானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் நகரில் வீட்டுக்கு வீடு சமையலுக்கு ஆள் வைத்திருப்பவர்கள் அவர்கள். அந்த ஆள் ஒருநாள் வராவிட்டால் குரூப்பில் புலம்புகிறவர்கள். சாப்பாட்டு நேரத்தைத் தவிர மற்ற நேரத்தில் சமைத்தவரை மனிதராக நினைக்க அவர்களுக்கு வரவில்லை.

தலைவர் தானே வாசகம் சொன்னார். என்னையே எழுதிக்கொள்ளச் சொன்னார். எதிரிப் படையைத் தனியொருவராகத் தடுத்து நிறுத்தி, மார்பில் குண்டேந்தி, மூன்று பதக்கங்கள் பெற்று, பாரதத் தாயின் மடியில் சாய்ந்த மாவீரர். பதக்கம் செத்த பிறகு வாங்கினாரா, முன்னாலேயா என்று நான் கேட்கவில்லை. அதற்குக் கீழே தலைவர் பெயர், செயலாளர் பெயர், இரண்டும் சிப்பாயின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். அதற்கும் கீழே 'வரலாற்றுத் தகவல்' என்று போட்டு என் பெயர். அடியில், 'இங்கே குப்பை கொட்டாதீர்.'

என் பெயரைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இல்லாத பதக்கத்தை இருக்கிறது என்று கல்லில் வெட்டிவைத்தால் அது கேஸ் ஆகாதா? பட்டாளத்திலிருந்து ஆள் வந்து கேட்டால் யாரைக் கைகாட்டுவார்கள்? வங்கி மேலாளரையா, மனைத் தரகரையா? ஒன்பதாவது படித்த ஜெராக்ஸ்காரியைத்தான். நான் தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நியாயம் பாதி என்றால் பயம் பாதி. எது முதல் பாதி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வாசகத்தைக் கல் வெட்டுகிறவரிடம் சேர்க்கும் வேலையும் என்னுடையதுதான். பூந்தமல்லி போகும் ரோட்டில் அவருடைய பட்டறை. பெரும்பாலும் கல்லறைக் கல்தான் வெட்டுவார். கல்லுக்குத் தனி விலை, எழுத்துக்குத் தனி விலை. எழுத்து ஒன்றுக்கு நாற்பது ரூபாய். கொம்பு, கால், புள்ளி எல்லாம் அந்தந்த எழுத்தோடு சேர்த்தி, தனியாகக் காசில்லை. சங்கம் முன்பணமாக ஐயாயிரம் கொடுத்திருந்தது.

கிளம்புவதற்கு முன் கடையில் உட்கார்ந்து வாசகத்தைத் தட்டச்சு செய்தேன். முதலில் என் பெயரை எடுத்தேன். அப்புறம் பதக்கத்தை எடுத்தேன். பதக்கம் போனதும் மாவீரரும் தனியொருவரும் நிற்கவில்லை, அவையும் போயின. கை அந்த வேகத்திலேயே தலைவர் பெயரையும் செயலாளர் பெயரையும் எடுத்துவிட்டது. மீதி இடத்தில் மணியார்டர் துண்டில் எழுதுவதுபோல எழுதினேன். அவர் பெயர். நெமிலிச்சேரி. பட்டாளத்தில் சமையல் வேலை. எழுபத்தொன்று யுத்தத்தில் சோறு கொண்டுபோகும் வழியில் இறந்தார். கடைசி வரியான 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்பதை மட்டும் விட்டுவைத்தேன். தலைவர் சொன்னதில் பொய்யில்லாத வரி அது ஒன்றுதான்.

கல் வெட்டுகிறவர் பென்சிலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு எண்ணினார்.

"அறுபத்தெட்டுதான் வருதுக்கா. போன்ல உங்காளு நூத்தியம்பதுக்கு மேல வரும்னாரே?"

"கொறச்சிட்டோம்."

"இதான் கடைசியா? வெட்டிட்டா அழிக்க முடியாது பாத்துக்க."

"இதான் கடைசி" என்றேன். சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் வரை நடந்து, திரும்பிப் போய், மறுபடி 'இதான்' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செயலாளர்தான் துணியை இழுத்தார். ஒரு கையில் செல்லை உயர்த்திப் பிடித்து, படம் எடுத்துக்கொண்டே, மேடைக் குரலில் படிக்க ஆரம்பித்தார். பெயரைப் படித்தார். ஊரைப் படித்தார். "பட்டாளத்தில் சமை" என்று வந்து நின்றுவிட்டார். செல் தாழ்ந்தது.

"இன்னாமா இது? கல்லுல சோறுன்னு எழுதிக்கீற?"

தலைவர் கிட்டே வந்து குனிந்து தன் பெயரைத் தேடினார். மேலிருந்து கீழே தேடினார். கல்லுக்குப் பின்பக்கம்கூட எட்டிப் பார்த்தார். "யாரைக் கேட்டு மாத்தின?" என்றார். என் கையில் அவர் சொன்ன வாசகம், நான் கொடுத்த வாசகம் இரண்டின் நகல்களும் இருந்தன. எதைக் காட்டுவது என்று தெரியவில்லை.

"நான்தான் சொன்னேன்," என்றார் அந்த அம்மா. "என் அண்ணன். நான் சொல்லாம வேற யாரு சொல்றது?"

"அம்மா, உங்க அண்ணனைப் பெருமைப்படுத்தத்தான் நாங்க..."

"பெருமை இன்னாத்துக்கு சார். ஒண்ணுக்குப் போறத நிறுத்தத்தானே வெச்சீங்க. அதுக்கு சமையக்காரன் போதும்."

டிரைவர் சிரித்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போனார். தலைவர் கல் வெட்டுகிறவரிடம் திரும்பி, சங்கம் இதற்குமேல் பைசா தராது, கல்லைப் பிடுங்கிக்கொண்டு போகலாம் என்றார்.

"பேரு வெட்ன கல்ல எவன் சார் வாங்குவான்? சிமிட்டியும் புட்ச்சிருச்சி," என்றார் அவர். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "எழுத்து குட்த்தது நீதானேக்கா."

நான் தலையாட்டினேன். தலைவரும் செயலாளரும் ஒரே ஸ்கூட்டரில் ஏறிப் போனார்கள். குப்பையைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த அம்மா முந்தானையால் கல்லைத் துடைத்தார். கடைசி வரியை அவருக்குப் படித்துக் காட்டி, மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும் கண்ணு. அவன் இருந்துருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பான். சமையக்கட்டு சுத்தமா இருக்கணும்," என்றார்.

குரூப்பில் அடுத்த வாரம் கல்லின் படம் வந்தது. பெயர் மட்டும் தெரியும்படி மேல்பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். 'சங்கத்தின் முயற்சியால்' என்று கீழே எழுதியிருந்தது. மறுபடி நூற்றுச் சொச்சம் பேர் கைகூப்பினார்கள். குப்பை பத்தடி தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆண்கள் எதிர்ச் சுவருக்கு மாறிவிட்டார்கள்.

நவம்பரில் கல்லறைத் திருநாளன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். ஷட்டரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அந்த அம்மா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். கல்லின் மேல் சாமந்தி, அடியில் இரண்டு மெழுகுவர்த்தி. ஒன்று அண்ணனுக்கு. மற்றது இத்தனை வருடமாக இடம் கொடுத்த அந்த யாரோ ஒருவருக்காம். இந்த வருடம் அங்கே போக முழங்கால் விடவில்லை என்றார். காற்றடித்து அணைந்துகொண்டே இருந்தது. நான் குடையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, எங்களைப் பார்த்து, முன்னால் வைத்திருந்த பையோடு அப்படியே போய்விட்டார். எங்கே கொண்டுபோய் வீசினாரோ.

கல்லுக்கு ஆறாயிரம். எழுத்து அறுபத்தெட்டுக்கு இரண்டாயிரத்து எழுநூற்று இருபது. சங்கத்தின் முன்பணம் ஐயாயிரம். நான் இரண்டு மாதத்தில் ஐந்நூறு ஐந்நூறாக ஆயிரம் கொடுத்து, தேதி போட்டு ரசீது வாங்கி, நகல் எடுத்து வைத்திருக்கிறேன். கல்லுக்கான பணம் அதோடு தீர்ந்தது. அந்த அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பென்ஷனிலிருந்து எடுத்து வைப்பார். சங்கத்திடம் கேட்கவும் மாட்டேன். இனி எழுத்துக்கு மட்டும்தான் பாக்கி: இரண்டாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.